ஒரே ஒரு சீசன்

கிறிஸ் போர்லண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "யாரு அது?" என்றுதான் கேட்பார்கள். நம்மூரில் மட்டுமில்லை, அமெரிக்காவிலும் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். சாம்பியன் இல்லை. சாதனைப் பட்டியலில் பெயர் இல்லை. என்.எஃப்.எல்.லில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, 24 வயதில் போதும் என்று எழுந்து போனவர். எனக்குத் தெரிந்து பத்து வருடம் ஆடியவர்களைவிட அந்த ஒரு சீசனில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

2014ல் நான் சான்டா கிளாராவில் வேலையில் இருந்தேன். அந்த வருஷம்தான் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு எங்கள் பக்கம், லீவைஸ் ஸ்டேடியத்துக்குக் குடிவந்தது. மேட்ச் நாளில் ரோடு அடைத்துக்கொள்ளும். ஆபீஸில் திங்கட்கிழமை பேச்சு முழுக்க அதுதான். கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாத நான், நாலு பேரோடு பேசவாவது ஆகுமே என்று பார்க்க ஆரம்பித்து மாட்டிக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். தடுப்பவர்களில் நடுவே நிற்பவர் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் மோப்பம் பிடித்து, ஓடிப்போய் ஆள்மேல் மோதிச் சாய்க்க வேண்டும். அப்படி மோதுவது தப்பாட்டமில்லை, வேலையே அதுதான். போர்லண்ட் அந்த இடத்துக்கு உயரம் பத்தாத ஆள், 6 அடி கிடையாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது 2013ல் பிக் டென் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அப்படியும் டிராஃப்டில் 77வதாகத்தான் எடுத்தார்கள். அவர் இடத்தில் ஏற்கெனவே பாட்ரிக் வில்லிஸ், நவோரோ பௌமன் என்று இரண்டு மலைகள். ஆனால் பௌமன் முழங்கால் காயத்தில் உட்கார்ந்திருந்தார். அக்டோபரில் வில்லிஸுக்குக் கால் விரலில் அடி. பையன் உள்ளே வந்தான்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. பாதி சீசன்தான் தொடக்க வரிசையில் ஆடினார், அதற்குள் நூறு டாக்கிளுக்கு மேல். நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக இரண்டு முறை பந்தை மறித்துப் பிடித்தார். இரண்டாவது, கோட்டுக்கு மிக அருகில், ஜெயிப்பதா தோற்பதா என்ற கட்டத்தில். சோபாவிலிருந்து எழுந்து நின்று கத்தினேன். அவர் தலையைப் பற்றி அன்றைக்கு நான் ஏன் யோசிக்கப்போகிறேன்?

ஆனால் அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சீசன் தொடங்கும் முன்பே, பயிற்சி முகாமில், தன்னைவிடப் பெரிய ஆளோடு மோதியதில் தலை கிறுகிறுத்துப் போயிருக்கிறது. அணியில் இடம் கிடைக்க வேண்டுமே என்று வெளியே சொல்லாமல் தொடர்ந்து ஆடியிருக்கிறார். அதன் பிறகுதான் படிக்க ஆரம்பிக்கிறார். ஒஹையோவிலிருந்த பெற்றோருக்கு, என் ஆட்டம் ரொம்ப நாள் ஓடாது என்று கடிதமே எழுதிவிட்டார்.

படித்ததில் டேவ் டூயர்சனின் கதையும் ஒன்று. 1985 சிகாகோ பேர்ஸ் அணியின் சேஃப்டி. பிறகு ஜயன்ட்ஸோடு இன்னொரு சூப்பர் பவுல். ஓய்வுக்குப் பின், முன்னாள் வீரர்களின் ஊன நிவாரண விண்ணப்பங்களுக்கு முடிவு சொல்லும் ஆறு பேர் குழுவில் வீரர்கள் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்தார். என் தலை சரியில்லை என்று வந்தவர்களின் காகிதங்கள் இவர் மேஜைக்குத்தான் வந்தன. 2011ல், 50 வயதில், என் மூளையை ஆய்வுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பாஸ்டனில் சோதித்தார்கள், சி.டி.இ. இருந்தது. அடிமேல் அடி பட்டு மூளையில் டாவ் என்ற புரதம் படிந்து, ஞாபகம், குணம், நிதானம் எல்லாவற்றையும் அரிக்கும் நோய். உயிரோடிருக்கும்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை, இறந்த பிறகு மூளையை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். மயங்கி விழும் அளவுக்குப் பெரிய அடிகூட வேண்டியதில்லை. தினசரி பயிற்சியின் சின்னச் சின்ன மோதல்களே போதும் என்கிறார்கள்.

2015 மார்ச்சில் போர்லண்ட் விலகினார். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆகுமா என்றும் தெரியாது. காட்டுவதற்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கிடையாது. உடைந்த காலோடு ஒருவன் போனால் ஊர் உச் கொட்டும், நன்றாக இருப்பவன் போனால் கோழை என்கும். எங்கள் ஆபீஸிலும் சொன்னார்கள். ஆட்டம் முன்னெப்போதையும்விடப் பாதுகாப்பாக இருக்கிறது என்றது லீக். விலகிய சில நாளிலேயே அவரை ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அவர்கள்மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு என்றால், தனியாக ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து இன்னொரு சோதனையும் எடுத்து வைத்துக்கொண்டார்! சரியாக ஒரு வருடம் கழித்து, 2016 மார்ச்சில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் லீக்கின் அதிகாரி ஒருவர், ஆட்டத்துக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தம் நான்கு வருஷத்துக்கு, ஏறக்குறைய 30 லட்சம் டாலர். கையெழுத்துப் போட்டபோது முன்பணமாக 6,17,436 டாலர் வாங்கியிருந்தார். ஆடாத மூன்று வருஷத்துக்கான முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சோமனூரில் 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். காது மந்தம். தறிச் சத்தத்தில் எந்த வருஷம் போனது என்று கேட்டால் அவருக்கே தெரியாது, ஒரே நாளில் போயிருந்தால்தானே தெரியும். "மூளைப்பா, மூளை!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான்.

கோழை, பிழைக்கத் தெரியாதவன் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"திருப்பிக் குடுத்த காசை அவங்க வாங்கிக்கிட்டாங்களாடா?"

"வாங்கிக்கிட்டாங்கப்பா."

"ம்ம்," என்றார். அப்புறம் "வயசென்ன சொன்ன அந்தப் பையனுக்கு?" என்று கேட்டார். இருபத்தி நாலு என்று மறுபடி கத்தினேன்.