சன்னதிக் கடல்

1978, தை மாதம். நாகப்பட்டினம் கடற்கரையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்பது வயது. எம்.வி. சிதம்பரம் கப்பல் கரைவரை வராது; தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் பெட்டியும் படகில்தான் வந்து இறங்க வேண்டும். அன்று அதில் பெரியப்பா வந்தார். செத்துப்போனவர் என்று தெரிந்தும் வீட்டில் எல்லாரும் "வர்றாரு" என்றுதான் சொன்னார்கள்.

1937இல், பதினேழு வயதில், ரஜூலா கப்பலேறி மலேயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். திரும்பவே இல்லை. முதலில் உலகச் சண்டை. பிறகு கூலி கட்டுபடியாகவில்லை. 1969க்குப் பிறகோ குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் என்ற கெடுபிடி. ஊருக்கு வந்தால் மறுபடி போக முடியுமோ என்ற பயம். எனக்கு அவர் நீலக் கடிதத்தில் வரும் கையெழுத்து மட்டும்தான்.

அவரைக் கொண்டுவந்தவர் நாகூர் சபுராளி ஒருவர்; கடல் கடந்து வியாபாரம் பண்ணுகிறவர். சுங்கை பட்டாணியில் கடை. பெரியப்பா மாதச் சாமான் வாங்கியது அவரிடம். படகிலிருந்து இறங்கியவர் பெட்டிகளைக் கூலியாளிடம் விட்டுவிட்டு, வெள்ளைத் துணியில் முடிந்த ஒன்றை மட்டும் நெஞ்சோடு அணைத்து வந்தார். "தம்பி, நாலு ராவும் தலைமாட்டுலதான் வச்சிருந்தேன். கீழ வைக்கல" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன்.

துணிக்குள் பச்சை மைலோ டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்திருந்தது. பஸ்ஸில் என் மடியில் வைத்தார்கள். சாம்பலென்றால் அடுப்புச் சாம்பல்போல லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கனத்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உரசியது. எலும்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசல் பூவரசில் கட்டிவிடலாம் என்றார் பங்காளித் தாத்தா. அப்பாயி கேட்கவில்லை. "நாப்பத்தோரு வருசம் கழிச்சு வந்த புள்ளய மரத்துல கட்டுவியளா?" என்று டப்பாவை வாங்கி, மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் டப்பாவைத் துடைத்தாள். பிறகு அந்த முந்தானையையே அதன்மேல் போர்த்தினாள். நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தேன், அப்படியே இருந்தாள். சின்ன வயதில் பெரியப்பாவுக்கு இழுப்பு உண்டாம்; பனி ஆகாதாம்.

விடியற்காலை வேதாரண்யம் சன்னதிக் கடல். சேற்றில் கால் புதையப் புதைய வெகுதூரம் நடந்தும் தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது. நாகூரிலிருந்து அந்தச் சபுராளி பாயும் வந்திருந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாம் முடியும்வரை சற்றுத் தள்ளித் தண்ணீரிலேயே நின்றார். அப்பா மெழுகைச் சுரண்டி, காசை நெம்பி மூடியைத் திறந்தார். சாம்பல் நடுவே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். அலையே இல்லாத தண்ணீர். கொட்டியது அங்கேயே கொஞ்ச நேரம் மிதந்தது.

வீடு திரும்பியதும் அப்பாயி அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் தலையோடு நின்ற என்னைக் கிட்டே இழுத்து, மெதுவாகக் கேட்டாள்:

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சாய்யா?"