நமுனுகுல மலையில் ஒரு வாளி

பதுளையிலிருந்து பசறை வழியாக பஸ் வண்டியில் ஏறினால், வளைவுக்கு வளைவு மூடுபனி கூடிக்கொண்டே போகும். ‘ஒன்பது சிகரம்’ என்று பொருள்படும் நமுனுகுல, 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பது. ஒன்பதையும் எண்ணிவிடும் ஆசையோடு சென்றோம். மூன்றுக்கு மேல் கண்ணுக்குப் புலப்படவில்லை.

நாம் சென்றது மலையை நாடி மட்டுமன்று. எமது மாணவன் ஒருவன் அங்கே தோட்டத்து லயத்தில் வசிக்கிறான். பழைய கணினிகளின் வன்தட்டுக்களை உடைத்துக் காந்தங்கள் சேர்த்திருப்பதாகச் சொல்லிப் பலமுறை அழைத்திருந்தான்.

லயத்து வாசலில் அவனுடைய பாட்டனார், பரண்மேற் கிடந்த பெற்றோமாக்ஸ் விளக்கை எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் காமன் கூத்துக்கு வெளிச்சம் தந்தது அதுதானாம். பாட்டனாரின் விளக்குக்கும் பேரனின் காந்தத்துக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. விளக்கில் எரியும் மாண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய நாட்டு வெல்ஸ்பாக் என்பவரே, 1885இல் நியோடிமியத்தையும் பிரித்தறிந்தவர். மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் நிறைந்த கனிப்பொருள் ஒன்று நம் நாட்டிலே பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்து, 1904இல் தோரியனைட் என்று பெயர் பெற்றது. அப்பொழுது இலங்கையின் கனிப்பொருள் ஆய்வை நடத்தியவர், பின்னாளில் கலை ஆராய்ச்சியால் உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி.

மாணவன் பின்புறக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். காந்தங்களைச் சுட்டுக் காந்தசக்தியைப் போக்கி, நீர் கலந்த பற்றறி அமிலத்திற் கரைத்து, சோடியம் சல்பேற்றை இட்டுச் சூடாக்கியிருந்தான். இரும்பு கரைசலிலே தங்கிவிட, நியோடிமியம் இரட்டைச் சல்பேற்றாகப் படிந்திருந்தது. போத்தலின் அடியில் வெளிர் ஊதாத் தூள்! அதை உலோகமாக்குவது வீட்டில் ஆகும் காரியமன்று. ஆயினும், நாம் கரும்பலகையில் எழுதியதை அவன் கையாற் செய்திருந்தான். பெருமையாயிருந்தது.

அடுத்த கணமே அச்சம் வந்தது. அமிலத்திற் காந்தம் கரையும்போது ஐதரசன் வாயு எழும். ஜாடியோ அடுப்புக்கு நாலடி தூரத்தில். எஞ்சிய அமில நீர் ஒரு வாளியில் இருந்தது. பக்கத்து ஓடையிலேதான் கீழ் லயத்தார் குடிநீர் அள்ளுகின்றனர்.

“சேர், இந்தத் தண்ணிய எங்க ஊத்துறது?” என்றான்.

வீழ்படிவைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசிய நாம், வடிநீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. தேயிலை மண்ணின் புளிப்பைப் போக்க இடும் டொலமைற் பை ஒன்று அங்கிருந்தது. சிறிது சிறிதாக இட்டோம். நுரை அடங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பச்சை நீர் மெல்லக் கபிலமாகக் கலங்கத் தொடங்கியது. காந்தத்தின் நிக்கல் பூச்சும் அதிற் கலந்திருக்குமாதலால் அங்கே கொட்ட மனம் வரவில்லை.

மூடியிட்ட அவ்வாளி, கடைசி பஸ்ஸில் எமது காலடியில் அமர்ந்து, கல்லூரி ஆய்கூடத்துக்குப் பயணமாயிற்று. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “தயிரா, சேர்?” என்றார்.