கண் மட்டத்துத் தட்டுக்கு நன்றி

கீழ்க்கட்டளை மளிகைக் கடை அண்ணாச்சிக்கு,

உங்கள் பெயரையும் கடைப் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள்.

கல்லாவுக்கு எதிரே, கண் மட்டத்தில் இருக்கும் தட்டுக்கு என்ன மதிப்பு என்று கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். சோப்புக் கம்பெனியும் பிஸ்கட் கம்பெனியும் அந்த இடத்துக்கு டிஸ்ப்ளே பணம் தரத் தயாராக இருக்கும். அதில் இரண்டடியை என் பருப்புப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் மாத வாடகைக்கு விட்டீர்கள். இருநூறடி ரோட்டுப் பக்கம் தனிக்கடை கேட்டிருந்தால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வைக்கச் சொல்லியிருப்பார்கள். வீட்டு அடுப்பில் பொடி வறுக்கிறவள் அதற்கு எங்கே போவாள்?

கமிஷன் கேட்காமல் வாடகை கேட்டீர்களே, அதற்குத் தனி நன்றி. விற்காத மாதத்தில் வாடகை கையைக் கடிக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை என் பிடியில் இருந்தது. துவரம்பருப்பு ஏறியபோது யாரையும் கேட்காமல் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக்கொண்டேன்.

வாடகையை வாங்கிப் போட்டுக்கொண்டு நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். “கால் கிலோ பாக்கெட்டை எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப வச்சிடுறாங்கம்மா. அம்பது கிராம் போடு, ருசி பாக்கட்டும்” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் பொடி நகர்ந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத பாக்கெட் தட்டில் ஏறாது என்று கறாராகவும் சொன்னீர்கள். ஏதோ பெரிய செலவு என்று பயந்தேன். நான் கட்டிய பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான்.

உங்களைப் போலவே, டோக்கியோவில் ஜிம்போச்சோ என்கிற புத்தகக் கடைப் பகுதியில் 2022இல் திறந்த ஒரு கடை, அலமாரியைத் தட்டுத் தட்டாக வாடகைக்கு விடுகிறது. அதே வருஷம் நம் ரயில்வேயும் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று உள்ளூர்க் கைவினைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நிலையங்களில் இடம் கொடுக்க ஆரம்பித்தது. இதையெல்லாம் சொன்னபோது, “ஜப்பான்லயும் கடன் சொல்லுவாங்களாம்மா?” என்றுதான் கேட்டீர்கள்.

மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தட்டைக் காலி செய்து, உங்கள் தெருவில் ஊறுகாய் போடுகிறவரையோ பை தைக்கிறவரையோ கூப்பிட்டுப் பேசுங்கள். வாடகையைக் கறாராகவே வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டடித் தட்டு வாடகைக்காரி