சித்திரைக்குக் கீழே

தென்னேரி ஏரிக்கரையில் தொலைநோக்கியை வைத்தால் எனக்கு வானம் பாதிதான். கிழக்கே ஒரகடம், வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர், அதற்கும் அப்பால் சென்னை. அந்தப் பக்கம் அடிவானத்திலிருந்து வெகு உயரம்வரை வெளுத்துக் கிடக்கும். மேற்கே காஞ்சிபுரத்தின் வெளிச்சம் அவ்வளவு மோசமில்லை. தெற்கு பிழைத்திருக்கிறது. வாலாஜாபாத்தைத் தாண்டினால் பாலாறு, அப்புறம் உத்திரமேரூர்ப் பக்கத்து வயல்கள். விண்மீன் திரள்களையும் பால்வெளிக்கு வெளியே இருக்கும் மண்டலங்களையும் தேடுகிறவனுக்கு இந்தத் தெற்கு போதும்.

மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கே 66 பாகை உயரத்தில் நிற்கும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு அதன் பெயர் தெரியும், வானத்தில் காட்டச் சொன்னால்தான் விழிப்பார்கள். அங்கிருந்து நேர்கீழே இறங்க வேண்டும். 47 பாகை உயரத்தில், சற்று இடப்பக்கம் தள்ளி, எம்83 என்ற சுருள் மண்டலம். 34 பாகையில் என்ஜிசி 5128, சென்டாரஸ் ஏ என்பது அதுதான். அதற்கும் நாலரைப் பாகை கீழே ஒமேகா சென்டாரி, ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் அடைந்த கோளத் திரள். சிறு தொலைநோக்கி வைத்திருப்பவருக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாரிஸிலிருந்து இந்த 'எம்' பட்டியலைப் போட்ட சார்லஸ் மெஸ்ஸியேவுக்கு இந்த வரிசை வாய்க்கவில்லை. 1781-இல் அவர் எம்83-ஐப் பார்த்தபோது அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகைக்கு மேல் ஏறியிருக்க முடியாது. அடிவானத் தூசியினூடே அதைக் கண்டுகொண்டதே பெரிய விஷயம். ஒமேகா சென்டாரி அங்கே உதிப்பதே இல்லை, அதனால் அவர் பட்டியலிலும் இல்லை. சென்டாரஸ் ஏ-யைக் கண்டுபிடிக்க 1826-இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப் வர வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலின் 110 பொருள்களோடு நின்றுவிடுகிற நம்மூர்க்காரர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வேறொருவர் ஜன்னலிலிருந்து தெரிந்ததை மட்டும் நாம் ஏன் பார்க்க வேண்டும்?

எம்83-இன் ஒளியளவு 7.5 என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எட்டு அங்குலத் தொலைநோக்கியில் 7.5 அளவுள்ள விண்மீன் பளிச்சென்று தெரியும், ஆகவே இதுவும் தெரியும் என்று நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்த எண் மொத்த ஒளியின் கணக்கு. எம்83-இல் அந்த ஒளி நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் பரவிக் கிடக்கிறது. பரவிய ஒளி வானத்தின் வெளுப்போடு போட்டி போட வேண்டும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும் பரவிய பொருளின் பரப்பு வெளிச்சத்தை வெறுங்கண் அளவுக்கு மேல் கூட்டித் தராது. பெரிதாக்கித்தான் காட்டும்.

அந்தப் பெரிதாக்கலில்தான் சூட்சுமம். மங்கல் பொருளென்றால் குறைந்த உருப்பெருக்கம் போட வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. தேடுவதற்கு அது சரி, பார்ப்பதற்குச் சரியில்லை. என் கருவியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கு காட்டும், 10 மில்லிமீட்டர் 120 மடங்கு. மாற்றியதும் வானத்தின் வெளுப்பு ஆறில் ஒரு பங்காகிவிடும். மண்டலத்தின் ஒளியும் அதே அளவுதான் குறையும், ஆனால் இருட்டில் கண்ணுக்குச் சின்ன மங்கலைவிடப் பெரிய மங்கல் எளிதில் பிடிபடும். 48-இல் சந்தேகமாக இருந்தது 120-இல் 'இருக்கிறது' என்று ஆகிவிடும்.

பிறகு கண். இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும், கைபேசியை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் போச்சு. விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கல் வெளிச்சத்தை உணரும் குச்சிச் செல்கள் கிடையாது. அவை நெருக்கமாக இருப்பது 15, 20 பாகை தள்ளி. அதனால் பொருளைப் பார்க்காமல் அதன் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை. வலது கண்ணால் பார்க்கிறவர் பொருளுக்கு வலப்பக்கம் பார்வையை வைக்க வேண்டும், பொருள் மூக்குப் பக்கம் விழ வேண்டும். மாற்றி வைத்தால் குருட்டுப் புள்ளியில் விழுந்து இருப்பதும் காணாமல் போகும். தலைக்கு மேல் கறுப்புத் துணி, மூச்சை அடக்காமல் இருப்பது, குழாயை விரலால் லேசாகத் தட்டுவது, இவையும் உதவும். அசைகிற மங்கலைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத் திரும்பிய தறிக்காரர் ஒருவர், "என்ன தம்பி, நிலாவே இல்லையே, எதைப் பாக்குற?" என்று நின்றார். சென்டாரஸ் ஏ-யைக் காட்டினேன். "நேரா பாக்காதீங்கண்ணே, கொஞ்சம் வலப்பக்கமா பாருங்க" என்றது மட்டும்தான் நான் சொன்னது. வெகுநேரம் குனிந்திருந்தவர், "நடுவுல கறுப்பா ஒரு இழை ஓடுதே" என்றார். ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் அந்த மண்டலத்தைக் குறுக்கே வெட்டும் தூசிப் பட்டை அது. படித்துவிட்டு வருகிறவர்களே அதைப் பிடிக்கத் தடுமாறுவார்கள். நாளெல்லாம் பாவில் அறுந்த இழையைத் தேடுகிற கண்ணுக்கு அது புதிய வேலையில்லை போலும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரப்பெட்டியில் சுழலும் டாப்சோனியன். அதை உலகுக்குப் பழக்கியவர் ஜான் டாப்சன், கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். மோட்டார் இல்லை, கணினி இல்லை. பொருள் நகர நகரக் கையால் தள்ள வேண்டும்.

மே மாத இரவுகள் வசதியானவை, ஆனால் புழுதியும் ஈரமும் மண்டியிருக்கும். நான் விரும்புவது மார்ச் நடு. அதே வரிசை பின்னிரவு இரண்டு மணிக்கு உச்சிக்கு வரும், தெருவில் வண்டி நடமாட்டம் இருக்காது. வடமேற்கே பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். அது வந்தால் அந்தப் பக்கமும் வெளுக்கும். தெற்கு இன்னும் சில காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒமேகா சென்டாரி மேற்கே சாயும்போது கேட்டை மேலே வந்திருக்கும். கேட்டைக்கும் விருச்சிகத்தின் தலையிலுள்ள பீட்டா விண்மீனுக்கும் நடுவில் எம்80, சின்னக் கோளத் திரள். 1860 மே மாதம் அதற்குள் ஒரு நோவா வெடித்தது. ஜெர்மன் வானியலாளர் ஆவர்ஸ் முதலில் கண்டார். சில நாளில் இங்கிலாந்தில் நார்மன் போக்சன் தாமாகவே கண்டுகொண்டார். விண்மீன் ஒளியளவுக்கு இன்றும் நாம் கொள்ளும் விகிதத்தைத் தந்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அந்தத் திரள் எப்படி இருக்கும் என்று முன்பே மனத்தில் பதிந்திருந்ததால்தான் கூடுதலாக ஒரு விண்மீன் இருப்பது அவருக்கு உறைத்தது. அதனால் பருவத்துக்கு ஒருமுறையாவது எம்80-ஐ வட்டத்துக்குள் வரைந்து, பக்கத்து விண்மீன்களைப் புள்ளி வைத்து, தேதியும் நேரமும் போட்டு வைக்கிறேன். குறிப்புக்கு விட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: வழக்கம்போல.