மூன்று குன்றுகளும் ஒரு சொல்லும்

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்தெழுப்பியது நம் செஞ்சிக் கோட்டை. மூன்றும் கோட்டையின் உறுப்புகளே. எனினும் ஏறத்தாழ 800 அடி உயர்ந்த இராசகிரியே ஓங்கி நிற்கிறது. இத்தாலியச் சொற்களும் இத்தகையனவே. அசைகள் பலவாயினும் அழுத்தம் பெற்று ஓங்குவது ஒன்றே.

கல்விக்கும் பணிக்குமாக இத்தாலி செல்லும் நம் குருக்களுக்கும் கன்னியருக்கும் இவ்வழுத்தம் இடர் தருவதுண்டு. தமிழில் பொருளை வேறுபடுத்துவன குறிலும் நெடிலுமே. 'கொடு' வேறு, 'கோடு' வேறு. அங்கோ, 'ஆமோ' என முதலசையை அழுத்தினால் 'நேசிக்கிறேன்' என்று பொருள். 'அமோ' என ஈற்றசையை அழுத்தினால் 'நேசித்தார்' என்று பொருள். ஈற்றில் விழும் அழுத்தத்திற்கு எழுத்தில் குறியீடு உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் இல்லை. பழகிய செவியே வழிகாட்ட வேண்டும்.

1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம்மிடம் வந்தபோது இதன் மறுதலையைக் கண்டார். எகர ஒகரக் குறில்களுக்குரிய புள்ளி ஓலைகளில் பெரும்பாலும் விடுபட்டமையால், 'கொடு', 'கோடு' இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. அவர் குறிலுக்கும் நெடிலுக்கும் வெவ்வேறு வடிவம் அளித்தார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய அம்முனிவரின் கொடையால் இன்று நம் பிள்ளைகள் ஐயமின்றி வாசிக்கின்றனர்.

இத்தாலிய வினைகளுள் நம் சிந்தைக்குரியது ஒன்றுண்டு. 'பிரேகோ' என்றால் 'மன்றாடுகிறேன்'. 'பிரே-க-னோ' என்றால் 'அவர்கள் மன்றாடுகிறார்கள்'. இரண்டிலும் அழுத்தம் வினையடியிலேயே நிற்கும். ஆனால் திருப்பலியில் 'மன்றாடுவோமாக' எனக் குரு அழைக்கும்போது சொல் 'பிரெ-கியா-மோ' ஆகிறது. அசைகள் அதே மூன்று. அழுத்தமோ வினையடியை விட்டு, 'நாம்' என்பதை உணர்த்தும் விகுதிக்கு இடம் பெயர்கிறது. 'நீங்கள்' என்னும் இடத்திலும் இவ்வாறே.

இது வெறும் இலக்கண விதி. இதில் மறைபொருள் வைத்தவர் எவருமிலர். ஆயினும் நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். மாலைச் செபத்தில் தாய் ஒருத்தி மட்டும் செபமாலை உருட்டுகிறாள்; தந்தை வாயிற்புறத்தில், பிள்ளைகள் வேறோர் அறையில். குடும்பத்தின் மன்றாட்டு முழுவதும் ஒருத்தியின் தோளில் பாரமாகிறது. 'மன்றாடுவோமாக' என்னும் தமிழ்ச் சொல்லிலும் 'ஓம்' என்னும் விகுதி நம் அனைவரையும் குறித்தே நிற்கிறது. இன்று மாலை அவளருகே நாமும் முழந்தாளிடுவோமாயின், அவ்விகுதிக்கு உரிய அழுத்தத்தை நாம் அளித்தவர்களாவோம்.