நாலுக்கும் நாலரைக்கும் நடுவே

என் மனைவி நாற்பது வருஷம் ஐந்து கட்டையில் பாடியவள். அறுபத்தைந்தைத் தாண்டியதும் குரல் இறங்கிவிட்டது. நாலரைக் கட்டையில் மேல் காந்தாரம் எட்டவில்லை. நாலில் கீழ்ப் பஞ்சமம் வெறும் காற்றாகப் போகிறது. மூன்று மாதம் பாடவே இல்லை. "போதுங்க, பாடினவரைக்கும் போதும்" என்றாள்.

அவள் முணுமுணுக்கும்போது மீட்டரில் பார்த்தேன். ஸா ஏறக்குறைய 180 ஹெர்ட்ஸில் நின்றது. நாலு கட்டை 174.6, நாலரை 185. சரியாக நடுவில்!

கடைச் சுருதிப் பெட்டியிலேயே நுண்திருகு உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து ஆண்டு சால்டரிங் அயர்ன் பிடித்த கை சும்மா இருக்குமா? பையன் பாதியில் விட்டுப்போன மாடுலர் சிந்தசைசர் கிட் ஒன்று பரணில் கிடந்தது. அதில் இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்று ஸாவுக்கு, ஒன்று பாவுக்கு.

இந்த வகை ஆஸிலேட்டரில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அமெரிக்காவின் ராபர்ட் மூக் 1960களில் பரவச் செய்த முறை. அப்படியானால் அரைக் கட்டைக்கு 83 மில்லிவோல்ட்தான். கிட்டில் இருந்ததோ ஒரே ஒரு திருகு. பிளஸ் 12 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை, 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக. கணக்குப் போட்டால் பதினோரு ஸ்தாயி முழுவதும் 300 டிகிரிச் சுற்றுக்குள் அடக்கம். திருகு மூன்று டிகிரி அசைந்தாலே அரைக் கட்டை தாண்டிவிடும். நடுங்கும் விரலுக்கு ஆகுமா?

பத்துச் சுற்றுத் திருகு கிடைக்கும், விலைதான் அதிகம். நான் செய்தது வேறு. இன்னொரு சாதாரணத் திருகை 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக அதே ஆப்-ஆம்ப் முனையில் சேர்த்தேன். ரெசிஸ்டர் பெரிதானால் திருகின் செல்வாக்கு சிறிதாகும், அவ்வளவுதான் சூத்திரம். புதுத் திருகை முழுக்கச் சுற்றினாலும் அரை ஸ்தாயிதான் நகரும். அரைக் கட்டைக்கு ஏறக்குறைய 50 டிகிரி. பழைய திருகில் ஊர், புதியதில் வீட்டு வாசல்.

பஞ்சமத்தில்தான் பலன் தெரிந்தது. ஸா 180 என்றால் பா சரியாக 270. ஆர்மோனியக் கணக்குப்படி வைத்தால் 269.7தான் வரும். அந்தச் சிறு வித்தியாசத்துக்கே இரண்டு ஒலியும் சேரும்போது மெல்ல 'வாவ்... வாவ்' என்று அலை எழும். புதுத் திருகை ஒரு மயிரிழை நகர்த்தினால் அலை நீண்டு, நீண்டு, நின்றுவிடும்.

ஒரு சங்கடம் மீதியிருக்கிறது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடிக்குச் சூடு ஆகாது. மின்விசிறிக் காற்று பட்டாலே சுருதி நழுவும். இருபது நிமிஷம் முன்னாடியே போட்டுவைக்க வேண்டும்.

இப்போது தினமும் காலை பாடுகிறாள். 180க்கு நேரே பென்சிலால் நான் போட்ட கோட்டை அவள் மதிப்பதே இல்லை. காலையில் ஒரு இடம், சாயங்காலம் இன்னும் துளி மேலே, தானே திருப்பிக்கொள்கிறாள்.