பிடதியில் ஒரு நாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெங்களூரில் வாழும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வொண்டர்லாவுக்கு எப்போது போகிறோம்?" என்பதே. மைசூர் சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தொலைவில், பிடதிக்கு அருகே 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. ராட்டினங்கள் ஒருபுறம், நீர் விளையாட்டுகள் மறுபுறம். காலையில் உள்ளே நுழைந்தால் மாலைவரை நடையும் வரிசையில் நிற்பதும்தான்.

2024 மே மாதத்தில் சபையின் நான்கு குடும்பங்கள் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். எனக்கு வயது 52. நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள். அது என் வீட்டாருக்குத் தெரியும். உடன் வந்தவர்களுக்குத் தெரியாது. சொல்லக் கூச்சம்.

பிடதி தட்டு இட்லிக்குப் பேர் பெற்ற ஊர். தட்டளவு அகலமான இட்லியின்மேல் வெண்ணெய் வைத்துக் கொடுப்பார்கள். வழக்கமான மாத்திரைகளை விழுங்கிவிட்டு உட்கார்ந்த நான், சர்க்கரை ஏறிவிடுமே என்று அஞ்சிப் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன். கட்டுப்பாடாக இருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. அதுவே என் முதல் தவறு. நான் உட்கொள்ளும் கிளிமிபிரைடு, உணவை நம்பிக் கொடுக்கப்படும் மாத்திரை. மாத்திரை முழுதாகவும் உணவு பாதியாகவும் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஏறாது, சரியும். வெயிலில் நடந்த நடை அதை மேலும் சரித்தது.

இரண்டாம் தவறு லாக்கரில் நிகழ்ந்தது. நீர் விளையாட்டுக்கு நைலான் உடை அணிய வேண்டும். அதில் பை கிடையாது. ஆகையால் குளுக்கோஸ் பொட்டலம், சர்க்கரை பார்க்கும் கருவி, கைபேசி யாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, வேவ் பூல் எனப்படும் அலைக்குளத்தில் இறங்கினேன்.

சர்க்கரை தாழும்போது உடல் வியர்க்கும், கை நடுங்கும் என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் தண்ணீருக்குள் நிற்பவனுக்கு வியர்வை எப்படித் தெரியும்? நடுக்கத்தைக் குளிர் என்று எண்ணினேன். படபடப்பை அலையின் உற்சாகம் என்று எண்ணினேன். என் மகள் ஏதோ கேட்டாள். காரணமின்றி அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "அப்பா, உங்களுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது, வெளியே வாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் அந்த அலையிலேயே நினைவிழந்திருப்பேன்.

உடன் வந்த சகோதரர் ஒருவர் கடைக்கு ஓடி ஒரு குளிர்பானம் வாங்கி வந்தார். நல்லவேளை, அது சர்க்கரையில்லாத "டயட்" வகையன்று. அவ்வேளையில் அதனால் பயனில்லை. அரைக் குவளை அருந்தினேன். கருவி வந்தபின், ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது 66. மீண்டும் அரைக் குவளை, மீண்டும் பதினைந்து நிமிடம், 94. பிறகு அமர்ந்து உணவருந்தினேன். சகோதரர் என்னிடம் கேட்டது ஒன்றே: "அண்ணா, காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பிரியமான வாசகர்களே, இந்நோய் உள்ளவர்கள் இத்தகைய இடங்களுக்குப் போகலாகாது என்பதன்று என் கருத்து. போகுமுன் சில காரியங்களைச் செய்யுங்கள்.

மிகுதியாக நடக்கும் நாளில் மாத்திரை அல்லது இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என மருத்துவரிடம் முன்னரே கேளுங்கள். விழித்திரைப் பாதிப்போ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் வேக ராட்டினங்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி உணவைப் பூங்காக்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. மருத்துவர் சீட்டோடு முன்கூட்டியே விசாரியுங்கள். குளுக்கோஸை நீர் புகாத சிறு உறையிலிட்டு உடன் வருபவர் ஒருவரிடம் கொடுங்கள், லாக்கரில் பூட்டாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிட ஓய்வு, மறுபடியும் சோதனை.

இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். வெப்பம் அதன் வீரியத்தைக் கெடுக்கும். கால் மரத்துப்போனவர்கள் சுடுதரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் எழுவதுகூடத் தெரியாது. நனையத்தக்க செருப்பு அணிந்து, இரவில் பாதங்களைப் பாருங்கள். அன்றைய உழைப்பின் விளைவாக நள்ளிரவிலும் சர்க்கரை தாழக்கூடும். படுக்குமுன் ஒருமுறை சோதியுங்கள்.

மறு ஆண்டும் அதே நான்கு குடும்பங்கள் சென்றோம். வேன் புறப்படுமுன் என் நோயை யாவருக்கும் சொன்னேன். அப்போது இன்னொரு சகோதரி, "எனக்கும் ஆறு வருடமாக இருக்கிறது" என்று மெல்லிய குரலில் கூறினார். பிடதியில் இறங்கி, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தட்டு இட்லியை முழுவதுமாகச் சாப்பிட்டோம். அலைக்குளத்தில் நான் நின்றபோது குளுக்கோஸ் உறை என் மகளின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அது தேவைப்படவில்லை.